தொட்டி வரிசையின் முதல் பிள்ளை

சலேத்துறைக்குக் கேபிள் கம்பெனி வந்து முப்பது வருஷம் ஆகியிருந்த காலத்தில், கடலில் மிதக்கும் தகவல் கிடங்குகளின் நீல வெளிச்சத்தைப் பார்த்து மீன்களே எது பகல் எது ராத்திரி என்று குழம்பிப்போன காலத்தில், ஊரில் பாதிப் பேருக்குக் கையோ காலோ கண்ணோ ஏதோ ஒன்று கம்பெனி போட்டுக் கொடுத்ததாக இருந்த காலத்தில், உயிர்ப்புத் திருநாள் கழிந்த ஒன்பதாம் நாள் காலையில் எஸ்கலினுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, எஃகாக இருந்தது.

பிரசவ அறை நர்ஸ் குழந்தையைத் துடைத்தாள், எடை போட்டாள், விரல்களை எண்ணிப் பத்து என்று சீட்டில் எழுதினாள். தடுப்பூசியை மட்டும் யோசித்து இடது கையில் போட்டாள். "ஊசி வளைஞ்சிரும்லா" என்றாள். உடனே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு வெளியூர்ப் பிரசவம் இன்னும் மூன்று இருந்தது.

எஸ்கலினின் வலது கையும் எஃகுதான். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்து, ஞானோபதேசத்தில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கி, பதினெட்டு வயதில் கேபிள் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம், கேபிள் சுற்றும் உருளை அவள் கையை வாங்கிக்கொண்டது. கம்பெனி புதுக் கை போட்டுக் கொடுத்தது. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனான கண்ணாடி இழையையும் தொட்டுப் பார்த்து முறிவு எங்கே என்று சொல்லிவிடுகிற கை. பழைய கையை ஊர் வழக்கப்படி வெள்ளைத் துணியில் சுற்றி, மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அப்படி அறுபத்துச் சொச்சம் சின்னச் சிலுவைகள் உண்டு. கல்லறைத் திருநாளன்று ஆட்கள் தங்கள் சொந்தக் காலுக்கும் கைக்கும் மெழுகுதிரி ஏற்றி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். அதனால் எஃகுக் கை என்பது சலேத்துறைக்குப் புதிதல்ல. வயிற்றிலிருந்தே வந்ததுதான் புதிது. அதையும் ஊர், வந்த விருந்தாளிக்குப் பாய் விரிக்கிற மாதிரி, ஒரு வாரத்தில் இடம் ஒதுக்கி உட்காரவைத்துவிட்டது.

பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். முதலில் ஜாடை பார்த்தார்கள். மூக்கு தகப்பன் வியான்னியின் மூக்கு. கடலடியில் கேபிள் பழுது பார்க்கிற அவனுக்கு இடது நுரையீரல் கம்பெனியுடையது, மூக்கு மட்டும் பரம்பரை மூக்கு. நெற்றி வியான்னியின் அக்காள் நெற்றி என்று அக்காளே வந்து சொன்னாள். கையைப் பற்றி விவாதமே இல்லை.

"கை அப்பிடியே தாயோட கைதான்" என்றாள் மிலாக்ராள். எஸ்கலினோடு ஒரே மேசையில் கண்ணாடி இழை இணைக்கிறவள் அவள். இரண்டு கால், ஒரு காது, தாடையில் பாதி எல்லாம் கம்பெனியிடமிருந்து வந்தவை. தன்னைப் பற்றி யார் கேட்டாலும், குடும்பப் பேரையும் சேர்த்து, "பாதி கம்பெனி, பாதி கோமஸ்" என்பாள்.

"எந்தக் கையிலருந்து வந்திருக்கும்? பொதச்ச கையிலருந்தா, போட்ட கையிலருந்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொதச்ச கை பதினெட்டு வருசம் சும்மாதானட்டி இருந்துச்சு. பாத்திரம் கழுவுனதுகூடக் கெடையாது. ஒழைச்ச கைதான் குடுத்திருக்கு" என்றாள் மிலாக்ராள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

அப்புறம் யோசனைகள். கைக்குத் தேங்காய் எண்ணெய் போடவேண்டுமா, தையல் மிஷின் எண்ணெய் போடவேண்டுமா என்று இரண்டு கட்சி ஆனது. தேங்காய் எண்ணெய்க் கட்சி ஜெயித்தது. வசம்பு வளையத்தை எந்த மணிக்கட்டில் கட்டுவது என்று பேசி, இரண்டிலும் கட்டினார்கள். கை மற்றக் கையோடு சேர்ந்தே வளர்ந்தது, பசித்தால் மற்றக் கையோடு சேர்ந்தே வாய்க்குப் போனது, தூங்கும்போது பிள்ளையின் உடம்புச் சூட்டோடு இருந்தது. கர்ப்பிணிகள் வந்து மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாய்விட்டு ஒன்றும் கேட்காமல், தங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டே போனார்கள்.

எஸ்கலின் மட்டும் பயந்துகொண்டிருந்தாள். கையைப் பார்த்து அல்ல. அந்தக் கையைப் பார்க்கப்போகிற முகங்களை நினைத்து. சலேத்துறை ஒரு ஊர், உலகம் முழுக்கச் சலேத்துறை இல்லை. பள்ளிக்கூட வாசலில், பாஸ்போர்ட் வரிசையில், பெண் பார்க்க வருகிறவர்களின் காப்பித் தம்ளருக்கு மேலே, ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருத்தர் புருவத்தைத் தூக்கப்போகிறார். அதை அவளால் தடுக்க முடியாது. ஆனால் பிள்ளைக்கு முதன்முதலாகச் சொல்லப்படுகிற வார்த்தையில் அந்தப் புருவம் இருக்கக்கூடாது என்று, காரணம் தெரியாமலே, ஒரு வைராக்கியம் அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. பேர்கூட முடிவு செய்துவிட்டாள்: தெக்லா.

நாற்பது நாள் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குச் சொல்லி அனுப்பியபோது, பங்குச் சாமியார் டெனிஸ்லாஸ் அவளையும் வியான்னியையும் சாமியார் பங்களாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். மேற்கே மலையடிவாரப் பங்கிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதமே ஆனவர். நல்ல மனுஷர். கடல் காற்றுக்கு இன்னும் பழகாமல் தும்மிக்கொண்டே இருப்பார். மேசைமேல் ஆயர் இல்லத்துக் கடிதம் ஒன்று இருந்தது. அதைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"அம்மா, ஒண்ணுமில்ல. பழைய சடங்குப் புத்தகத்துல ஒரு முறை இருக்கு. பிறப்புல ஏதாவது சந்தேகம் இருந்தா, தண்ணி ஊத்தும்போது முன்னால ஒரு நிபந்தனை சேர்த்துச் சொல்லணும். 'நீ மனிதப் பிறவியாக இருந்தால்' அப்படின்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எல்லாருக்கும் சொல்றதுதான்."

வியான்னி தரையைப் பார்த்தான். கம்பெனி நுரையீரல் லேசாக விசிலடித்தது. அவன் கோபப்பட்டால் அது அப்படித்தான்.

"யாருக்குச் சாமி சந்தேகம்?" என்றாள் எஸ்கலின்.

"எனக்கில்லம்மா. மேல உள்ளவங்களுக்கு."

"அவிய பிள்ளையப் பாத்தாவளா?"

"போட்டோ அனுப்பினேன்."

"சிரிக்கிற போட்டோவா, தூங்குற போட்டோவா?"

சாமியார் தும்மினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிறவர்போலச் சொன்னார். "நான் மெதுவா, உதட்டுக்குள்ளயே சொல்லிடறேன். கோயில்ல ஒருத்தருக்கும் கேக்காது."

சாமியார் முன்னால் நிமிர்ந்து பேசி எஸ்கலினுக்குப் பழக்கமில்லை. கான்வென்ட்டில் கேள்வி கேட்பதற்குக்கூடக் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கவேண்டும். இப்போதும் எழுந்து நின்றுதான் சொன்னாள்.

"அவளுக்குக் கேக்குமே, சாமி."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சலேத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது, ஊர்க்காரர்கள் அதை யாருக்கும் சொல்வதுமில்லை, மூச்சு விடுவதைப் போய் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் பிறந்த வரிசையில்தான் ஞானஸ்நானத் தொட்டிக்குப் போகவேண்டும். பின்னால் பிறந்தது முந்திப் போனால் முன்னால் பிறந்ததன் ஆயுசை மிதித்துவிடும் என்பது நம்பிக்கை. கடலுக்கு வள்ளம் இறக்குவதில் போட்டி உண்டு, கல்யாணச் சாப்பாட்டில் போட்டி உண்டு, தேர் வடம் பிடிக்கையில் அடிதடியே உண்டு. தொட்டி வரிசையில் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு சாமியார் பூசையில் அறிவித்தார்: மற்றக் குழந்தைகளைப் பெற்றோர் கொண்டுவரலாம். ஒருத்தரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அறிவித்தார். வரவில்லை. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை மரிய சவரிமுத்து தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும், சாயங்காலம் அதை வேப்பங்கன்றுக்கு ஊற்றுவதுமாக இருந்தார். ஆனியில் ஐந்து பிள்ளைகள், ஆடியில் அது ஒன்பதானது, ஆவணி பிறந்தபோது தெக்லாவையும் சேர்த்துப் பதினாலு பிள்ளைகள் ஊரில் சடங்குப் பேரில்லாமல் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு செல்லப் பேரில் சமாளித்தார்கள். ஒரே தெருவில் மூன்று 'குட்டான்' ஆகிவிட்டது. பால் பொடி வாங்கப் போன இடத்தில் எந்தக் குட்டானுக்கு என்று சண்டை வந்தது.

கோபம் எல்லாம் எஸ்கலின் வாசலுக்குத்தான் வந்தது. மீன் வாங்கப் போனால், "பிடிவாதத்துக்கு ஒரு கிலோ போடு" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளும் வீட்டுக்கு வந்து யோசித்தாள். பத்து விநாடி. உதட்டுக்குள்ளே. என்ன ஆகிவிடப்போகிறது? யோசித்துக்கொண்டே பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். பிள்ளை காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அவளையே பார்க்கும். முடியாது என்று எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் காலை கிறிஸ்டிலா வந்தாள். தெக்லாவுக்கு இரண்டு நாள் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளையின் தாய், வரிசையில் அடுத்தவள். கம்பெனி உறுப்பு ஒன்றுகூட இல்லாத குடும்பம் அது, அதில் கொஞ்சம் கித்தாப்பும் உண்டு. பிள்ளை தோளில் கிடந்து இருமிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி எஸ்கலின், வெளிய வா. எம் பிள்ளைக்கு மூணு நாளா இழுப்பு. எங்க மாமி என்னையக் கரிச்சுக் கொட்டுதாவ. ஒனக்கு என்ன ராங்கி? சாமி மெதுவாச் சொல்லுதேம்னாரு. கேட்டுட்டு வந்தா ஓம் பிள்ள கை துருப்பிடிச்சிருமோ?"

எஸ்கலின் அழுதுவிட்டாள். இத்தனை மாதமாக அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. "நீ முந்திப் போ, கிறிஸ்டி. எல்லாரும் போங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நானே கோயில்ல வந்து நின்னு சொல்லுதேன்."

கிறிஸ்டிலா கண் இரண்டும் சிவக்க அவளைப் பார்த்தாள்.

"முந்திப் போகவா? என்னையவா சொல்லுத?"

"பிள்ளைக்கு இழுப்புன்னியே..."

"இழுப்பு வரும், போகும். நாளைக்கு எம் மவன் மாரத் தட்டிக்கிட்டு நடக்கைல, ஒரு பொட்டப் பிள்ளையத் தாண்டிப் போனவன்னு ஊரு சொல்லணுமா? அதுவும் ஓம் பிள்ள மனுசிதானான்னு சாமி யோசிச்சிட்டிருக்கைல, சந்துல புகுந்து போனவன்னு?" அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். "ஒன்னைய நான் சண்ட போட வேண்டாம்னு சொல்ல வரல. சீக்கிரம் போட்டு முடின்னு சொல்ல வந்தேன். எங்க நிக்கணும் சொல்லு, நானும் வாரேன்."

அன்றிலிருந்து ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. கோபம் அப்படியே இருந்தது, ஆள் மட்டும் மாறியது. மிலாக்ராள் நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போய், மாம்பழம் வாங்குகிற தோரணையில், "சாமி, எனக்கு மூணாம் மாசத்துல நிபந்தனையில்லாம ஊத்துனாவ. இப்ப பாதி மாறிட்டேன். அந்த ஞானஸ்நானம் செல்லுமா, இல்ல மிச்சம் இருக்கிற பாதிக்கு மட்டும் செல்லுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வியான்னியோடு கடலடிக்குப் போகிற முக்குளிக்காரர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து, "சாமி, நான் மனுசனா இருந்தால், செய்த பாவம் வருமாறு" என்று ஆரம்பித்தார்கள். சாமியாருக்குத் தும்மல் அதிகமானது. அவர் ஆயர் இல்லத்துக்கு எழுதினார். ஆயர் இல்லம் பதில் எழுதியது: அந்தக் கை இயந்திரமா, அவயவமா என்று தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்.

தெரிந்தவர்கள் என்றால் கம்பெனிதான். கை போடுகிற பிரிவிலிருந்து சிவநேசன் என்று ஒரு என்ஜினியர், பட்டணத்திலிருந்து ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தார். ஊரே அவர் பின்னால் வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணில் குழலைப் பொருத்திக்கொண்டு, தெக்லாவின் கையைப் பிடித்தார். முதலில் வரிசை எண்ணைத் தேடினார். மணிக்கட்டுக்கு உள்பக்கம் இருக்கவேண்டும், இல்லை. கட்டைவிரல் அடியில் இருக்கலாம், அங்கேயும் இல்லை. திருகாணி இல்லை, மூட்டுத் தையல் இல்லை, எஃகு எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. விடியற்காலையில் கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதே, அப்படி இருந்தது.

"இதுக்குச் சார்ஜ் எதுல போடுறீங்க?" என்றார்.

"தாய்ப்பால்ல" என்றாள் எஸ்கலின்.

ஜன்னல் சிரித்தது. என்ஜினியர் சிரிக்கவில்லை. விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி போடுகிற விரல்கள் கண்ணாடிபோல மழுமழுவென்று இருக்கும். அதனால்தான் ரேஷன் கடையில் ரேகை வைக்க முடியாமல் ஊர்க்காரர்கள் கண்ணைக் காட்டிச் சாமான் வாங்குகிறார்கள். தெக்லாவின் எஃகு விரல் ஒவ்வொன்றிலும் ரேகை இருந்தது. சுழி சுழியாக, மழை விழுந்த மணலில் காற்று எழுதிய மாதிரி. அவர் குழலைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் ஒரு தடவை பார்த்தார். தன் சொந்தக் கட்டைவிரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இது எங்களோடது இல்லம்மா" என்றார். "யாரோடதும் இல்ல. இத எப்படிச் செய்யறதுன்னு யாருக்கும் தெரியாது."

ஒரு தாயிடம் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவருக்குத் தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். எஸ்கலினுக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிள்ளை பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"அத அப்பிடியே எழுதிக் குடுங்க, சார்" என்றாள்.

அவர் கம்பெனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். 'மேற்படி குழந்தையின் வலது கை எங்களாலோ, நாங்கள் அறிந்த வேறெந்த நிறுவனத்தாலோ செய்யப்பட்டதல்ல.'

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எஸ்கலின் தனியாகச் சாமியார் பங்களாவுக்கு நடந்தாள். வியான்னி கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். கிறிஸ்டிலா வாசலில் நின்று, "நான் வரட்டா?" என்றாள், வேண்டாம் என்றாள். பயம் போகவில்லை. பயத்தையும் இன்னொரு பிள்ளைபோல இன்னொரு இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

சாமியார் தாளைப் படித்தார். மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "செய்யப்பட்டதல்லன்னு போட்டிருக்காங்க. சரி. ஆனா இதுவே ஆயர் இல்லத்துக்குப் போதுமான்னு..."

எஸ்கலின் பிள்ளையை மேசைமேல் கிடத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சாமி, தப்பா இருந்தா மன்னிக்கணும். ஞாயிற்றுக்கிழமதோறும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்லுதோம்லா. அதுல ஆண்டவர என்ன சொல்லுதோம்? பிறந்தவர்னு சொல்லுதோம். செய்யப்பட்டவர் இல்லன்னு சொல்லுதோம். அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னு எங்களுக்கு மதர் ஆறாங்கிளாசுல ஒரு மாசம் நடத்துனாவ. மேச செய்யப்படுது, மகன் பிறக்கான். எம் பிள்ளைய ஆண்டவரோட சேத்துச் சொல்லல, சாமி. ஆனா வித்தியாசம் அதுதான? கம்பெனிக்காரரு செய்யலன்னு எழுதிக் குடுத்திட்டாரு." பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "பிறந்தவதான்னு நான் சொல்லுதேன். பெத்தவ நான். வேற யாருகிட்ட எழுதி வாங்கணும்?"

சாமியார் தாளை நாலாக மடித்தார். தும்மவில்லை. தெக்லா பக்கத்தில் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயர் இல்லத்துல கேட்டா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"எஸ்கலின் சொன்னான்னு சொல்லுங்க, சாமி. நான் வந்து நிக்கேன்."

"இல்ல" என்றார் டெனிஸ்லாஸ் சாமியார். கடிதத்தை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். "டெனிஸ்லாஸ் சொன்னான்னு சொல்றேன். எனக்கும் ஒரு மதர் ஆறாம் வகுப்புல நடத்தினாங்க."

சலேத் மாதா திருநாளன்று காலைப் பூசையில் ஞானஸ்நானம் என்று முடிவானது. அதற்குள் இன்னும் நாலு பிள்ளை பிறந்து, வரிசை பதினெட்டாகியிருந்தது. தொட்டியில் ஆரம்பித்து, கோயிலின் நடுப் பாதையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, அலங்கரித்து நிறுத்தியிருந்த தேர்ச் சக்கரம்வரை தாய்மார்கள் நின்றார்கள். எஃகுக் கைகளும் தோல் கைகளும் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளை ஏந்தி நின்றன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பதினெட்டில் பதினொன்று அழுதுகொண்டிருந்தது, ஒருத்தர்கூட ஒரு அடி முன்னால் வைக்கவில்லை.

ஞானத்தாய் மிலாக்ராள் கால் இரண்டையும் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையைத் தொட்டிக்கு மேலே ஏந்தினாள். சாமியார் கேட்டார், "இந்தக் குழந்தைக்கு என்ன பேர் இட்டிருக்கிறீர்கள்?"

"தெக்லா" என்றாள் எஸ்கலின். வாசலுக்கு வெளியே தேர்ச் சக்கரத்தடியில் நின்ற கடைசித் தாய்க்கும் அது கேட்டது.

சாமியார் சங்கில் தண்ணீர் மொண்டார். எஸ்கலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உதட்டைப் பார்த்தாள். வியான்னியின் நுரையீரல் விசிலடிக்காமல் நின்றது. கோயில் முழுக்க அந்த உதட்டையே பார்த்தது.

"தெக்லா" என்றார் சாமியார், முழுக் குரலில், முன்னால் எதுவுமே இல்லாமல். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மூன்று தடவை தண்ணீர் விழுந்தது. தெக்லா அழவில்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, வலது கையை நீட்டி, சாமியாரின் கழுத்திலிருந்து தொங்கிய வெள்ளைப் பட்டையைப் பிடித்தாள்.

பிடித்தவள் விடவில்லை. மிலாக்ராள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். சாமியார் கிலுகிலுப்பைபோல விரலை ஆட்டிக் காட்டினார். கோயில்பிள்ளை மரிய சவரிமுத்து மெழுகுதிரியைக் காட்டி வேடிக்கை காட்டினார். ஐந்து மாதத்துப் பிள்ளையின் பிடி, ஆனால் எஃகு. பட்டைதான் கிழியும் போலிருந்தது. வேறு வழி தெரியாமல் சாமியார் பிள்ளையைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டார்.

"அம்மா, விடச் சொல்லுங்க" என்று காதோரம் கிசுகிசுத்தார். "இன்னும் பதினேழு பேர் இருக்காங்க."

எஸ்கலின் வரிசையைப் பார்த்தாள். அடுத்து நின்ற கிறிஸ்டிலா மகனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று எஸ்கலினுக்கு அப்போது தோன்றவேயில்லை.

"அவளுக்குத் தோணும்போது விடுவா, சாமி" என்றாள். "நீங்க அடுத்த பிள்ளையக் கூப்பிடுங்க."